மாக்கோழியும் பிளாஸ்டிக் டாங்கியும்

140-ஐ 35-ஆல் வகுத்தால் மீதியில்லாமல் 4 வரும். இந்தக் கணக்கு பிடித்துப்போய்த்தான் இப்போது என் மேசையில் இருக்கும் டாங்கிக்கு 140 மில்லிமீட்டர் பீரங்கி வைத்தேன். துளை 4 மில்லிமீட்டர் உள்ள பித்தளைக் குழாய் கடையில் கிடைக்கிறது. ஆனால் அந்தப் பீரங்கியை ஏந்திய டாங்கி உலகத்தில் எந்தப் படையிலும் கிடையாது. 1980-களின் கடைசியிலும் அதற்குப் பின்னும் மேலை நாடுகள் சில அதைச் சோதித்தன. ஜெர்மனியின் ரைன்மெட்டால் நிறுவனம் லெப்பர்ட் 2 டாங்கியில் பொருத்திப் பார்த்தது, சுவிட்சர்லாந்தும் பார்த்தது. சோவியத் யூனியன் கலைந்ததும் இவ்வளவு பெரிய பீரங்கி யாருக்கு என்று விட்டுவிட்டார்கள். விடாமல் இருந்து, அது நம் ஊருக்கும் வந்து, ஆவடியில் அதற்கென்று ஒரு வண்டி கட்டியிருந்தால் எப்படி இருந்திருக்கும்? அதைத்தான் பிளாஸ்டிக் ஷீட்டில் வெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.

மாடல் செய்பவர்கள் இந்த வகையை வாட்-இஃப் என்பார்கள். நடந்த போரில் ஓடிய வண்டியை அச்சு அசலாகச் செய்வது ஒரு மரபு. நடக்காததை, ஆனால் நடந்திருக்கக்கூடியதைச் செய்வது இன்னொன்று. எனக்கு இரண்டாவதுதான். நான் செய்யும் 1/35 என்ற அளவும் யாரும் உட்கார்ந்து திட்டமிட்டு வைத்ததல்ல. 1961-இல் ஜப்பானின் டமியா நிறுவனம் பேந்தர் டாங்கியை மோட்டார் வைத்து ஓடும் பொம்மையாகச் செய்தபோது, மோட்டாரும் பேட்டரிகளும் உள்ளே அடங்குகிற மாதிரி உடலின் அளவை வைத்தார்கள். பிறகு அளந்து பார்த்தால் ஏறக்குறைய 35-இல் ஒரு பங்கு வந்தது. அதுவே உலகத்துக்கு வழக்கமாகிவிட்டது.

நான் ஆவடி டேங்க் ஃபேக்டரியில் டிராயிங் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பிறந்தது வந்தவாசிப் பக்கம், ஒரு தமிழ்ச் சமணக் குடும்பத்தில். இன்றும் எங்கள் வீட்டில் பொழுது சாய்ந்த பிறகு அடுப்பு எரியாது. கிழங்கு வகை சமையலில் சேராது. இந்த இரண்டு விவரங்களும் ஒரே ஆளைப் பற்றியவை என்பதால் எழுகிற கேள்வியைத்தான் இங்கே எழுத வேண்டும். ஈ எறும்புக்கு விலகி நடக்கச் சொல்லி வளர்க்கப்பட்டவன் கொல்லும் கருவியின் உருவத்தைச் செய்து மகிழலாமா? அதுவும் இல்லாத ஒரு கருவியை, தானே யோசித்து?

சுலபமான பதில் ஒன்று உண்டு. மாடல் செய்கிறவர்கள் பலர் அதைச் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். உண்மையில் ஓடிய ஒரு டாங்கியைச் செய்தால் அதன் வரலாறும் கூடவே வரும். அது எந்த ஊருக்குள் நுழைந்தது, யார் மேல் ஏறியது என்ற கணக்கிலிருந்து அதைப் பிரிக்க முடியாது. நடக்காத டாங்கி யாரையும் கொன்றதில்லை. அதன் கைகள் சுத்தம். ஆகவே நம் கைகளும் சுத்தம். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் என் ஆயா இருந்திருந்தால் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்.

திருவிழாக் கடைகளில் சர்க்கரைப் பாகை அச்சில் ஊற்றி யானை, குதிரை, கிளி என்று மிட்டாய் விற்பார்கள். சின்ன வயதில் அப்படி ஒரு குதிரையை வாங்கித் தலையிலிருந்து கடிக்கப் போனேன். ஆயா கையைப் பிடித்துவிட்டார். "உருவத்தைக் கடிக்கக் கூடாதுடா கண்ணு." சர்க்கரைதானே ஆயா என்றேன். "அவனும் மாவுதானேன்னுதான் நெனச்சான்" என்று யசோதரன் கதையைச் சொன்னார்.

ஐஞ்சிறு காப்பியங்களில் ஒன்றான யசோதர காவியத்தின் கதை அது. அவந்தி நாட்டு அரசன் யசோதரன் கெட்ட கனவு கண்டதாகச் சொல்கிறான். சண்டமாரி தேவிக்குப் பலி கொடு, தீங்கு விலகும் என்கிறாள் தாய் சந்திரமதி. உயிரைக் கொல்ல மாட்டேன் என்று அவன் மறுக்கிறான். சரி, மாவில் கோழி செய்து அதை வெட்டு என்கிறாள் அவள். தாய் சொல்லைத் தட்ட முடியாமல் வெட்டுகிறான். ஒரு சொட்டு ரத்தம் சிந்தவில்லை. ஆனாலும் அந்தப் பலிக்காக அவனும் தாயும் மயிலும் நாயுமாக, முள்ளம்பன்றியும் பாம்புமாக, மீனும் முதலையுமாக, ஆடும் எருமையுமாகப் பிறந்து பிறந்து சாகிறார்கள். கடைசியில் கோழிகளாகவே பிறக்கிறார்கள்.

இவ்வளவு தண்டனை கடுமை என்று படிப்பவர்கள் சொல்வதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சமணம் இம்சையைக் கையால் நிகழ்வது, கருத்தில் நிகழ்வது என்று இரண்டாகப் பார்க்கிறது. கை தவறி ஓர் உயிர் போவதைவிட, கருத்தில் கொலை முழுமையாக நடந்து முடிந்து கையில் மட்டும் மாவு இருப்பது பெரிய இம்சை. யசோதரன் வெட்டியபோது அவன் மனத்தில் விழுந்தது மாவு அல்ல. கோழிக்குப் பதில் இதை ஏற்றுக்கொள் என்று தெய்வத்திடம் சொல்லும்போதே கோழியை அவன் கொன்றாயிற்று.

அந்தக் கதையில் இன்னொருவன் இருக்கிறான். அவனைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மாக்கோழியைச் செய்தவன். அரசனுக்கும் தாய்க்கும்தான் பிறவிகள் வரிசையாகச் சொல்லப்படுகின்றன. செய்து கொடுத்த கைவினைஞனுக்கு எந்தப் பிறவியும் சொல்லப்படவில்லை. என் யோசனையெல்லாம் அவனைச் சுற்றித்தான். கொண்டையின் மடிப்பையும் வால் இறகின் வளைவையும் மாவில் கொண்டுவர அவன் எத்தனை கோழிகளை உற்றுப் பார்த்திருப்பான்! அப்படிப் பார்ப்பது கோழியின் மேல் வைத்த அன்பு என்றே சொல்வேன். அவன் மனத்தில் இருந்தது கோழி. அரசன் மனத்தில் இருந்தது கத்தி. செய்தவனுக்குப் பிறவி சொல்லாமல் விட்டதை நான் அப்படித்தான் புரிந்துகொண்டிருக்கிறேன்.

ஆனால் இந்த ஆறுதலை எடுத்து என் மேல் போர்த்திக்கொள்ள முடியாது. டாங்கி கோழி அல்ல. டாங்கியே கத்தி. கத்தியை உற்றுப் பார்த்து, அதன் வளைவை ரசித்து, அதன் கூர்மையை யோசித்துச் செய்பவனுக்கு என்ன சொல்வது?

வேலையில் இருந்த காலத்தில் இந்தக் கேள்விக்கு எங்கள் நூல்களில் எனக்கு விடை இருந்தது. இல்லறத்தானுக்கு வரும் இம்சையை நான்காகப் பிரிப்பார்கள். வீட்டு வேலையில் நேர்வது, தொழிலில் நேர்வது, தன்னையும் தன்னைச் சேர்ந்தவரையும் காக்க எதிர்த்து நிற்கும்போது நேர்வது, வேண்டுமென்றே செய்வது. கடைசியைத்தான் முழுதும் விடச் சொல்கிறார்கள். மற்ற மூன்றையும் குறைக்கச் சொல்கிறார்கள். சிரவணபெளகொளாவில் கோமதீசுவரரை எழுப்பிய சாமுண்டராயர் கங்கர்களின் படைத்தளபதி. போர்க்களத்துக்குப் போனவர் சமணர் இல்லையென்று யாரும் சொன்னதில்லை. ஆக, ஆவடியில் நான் வரைந்த கோடுகள் தொழிலில் சேரும், நாட்டைக் காப்பதில் சேரும். அமிர்தசந்திர ஆச்சாரியர் இன்னொன்றும் சொல்கிறார்: ஒருவர் செய்த இம்சையின் பலன் பலருக்குப் போகலாம், பலர் செய்ததன் பலன் ஒருவருக்கே போகலாம். ஆயிரக்கணக்கான பேர் வேலை செய்யும் தொழிற்சாலையில் என் பங்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. பங்கு உண்டு என்பது மட்டும் தெரியும். அதை ஏற்றுக்கொண்டுதான் சம்பளம் வாங்கினேன்.

பொழுதுபோக்குக்கு வரும்போதுதான் அந்த விடை கைவிட்டுவிடுகிறது. இல்லறத்தானின் விரதங்களில் அனர்த்த தண்டம் விலக்குதல் என்று ஒன்று உண்டு. தமிழில் அருங்கலச்செப்பு என்னும் நூல் இதைச் சொல்கிறது. தேவையே இல்லாமல் செய்யும் தீங்கை விடு என்பது அதன் சாரம். அதில் ஆயுதத்தைப் பிறருக்குக் கொடுப்பது வருகிறது. தீய நினைவில் மனத்தை ஓட்டிக்கொண்டிருப்பதும் வருகிறது. வேட்டையை, வெற்றி தோல்வியை, போரைச் சும்மா நினைத்துக்கொண்டிருக்காதே என்று அமிர்தசந்திரரும் எச்சரிக்கிறார். வேலைக்காக வரைந்தவனுக்குத் தேவை என்ற காரணம் இருந்தது. ஓய்வு பெற்ற பிறகு யாருமே கேட்காத ஒரு டாங்கியை யோசிப்பவனுக்கு அந்தக் காரணமும் இல்லை. இந்தக் கோணத்தில் பார்த்தால் தொழிற்சாலையில் செய்த நிஜ டாங்கியைவிட மேசையில் இருக்கும் பிளாஸ்டிக் டாங்கிதான் எனக்கு ஆபத்து.

கற்பனை டாங்கி குற்றமற்றது என்ற வாதமும் இங்கேதான் தலைகீழாகிறது. ஓடிய வண்டியைச் செய்பவன் படியெடுக்கிறான். எந்தப் பக்கம் எத்தனை கனத்தில் கவசம், என்ன பீரங்கி, எத்தனை ஆள் என்ற முடிவுகளையெல்லாம் வேறு யாரோ எடுத்துவிட்டார்கள். கற்பனை வண்டியில் ஒவ்வொரு முடிவும் என்னுடையது. 140 மில்லிமீட்டர் என்று சொன்னது ஒரு நாட்டின் ராணுவமல்ல, நான். சங்கல்பம் முழுக்க என் கணக்கில் எழுதப்படுகிறது.

அப்படியானால் முடிவு எடுக்கும்போது மனம் எங்கே நிற்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். பக்கத்துத் தெருவில் ராணுவத்தில் விஜயந்தா டாங்கியில் கன்னராக இருந்து ஓய்வு பெற்ற ரிசால்தார் ஒருவர் இருக்கிறார். பாதி முடிந்த வண்டியை வந்து பார்த்தார். பீரங்கியை அவர் பார்க்கவே இல்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பீரங்கி பொருத்திய சுழல் கோபுரமான டரட்டின் உள்ளே எட்டிப் பார்த்து, "லோடர் எங்க சார் நிப்பான்?" என்று கேட்டார். இந்தக் குண்டு ரொம்ப நீளம், ரெண்டு துண்டா வரும், ஓடுற வண்டியில ஓராள் தூக்கி ஏத்த முடியாது, அதனால மெஷினே ஏத்திக்கும் என்றேன். "அப்ப லோடரே கிடையாதா?" கிடையாது என்றேன். "நல்லது சார். ஒரு பையன் வீட்டுலயே இருக்கட்டும்."

அன்றிலிருந்து எந்த வண்டியைத் தொடங்கினாலும் முதலில் ஆட்களைத்தான் வைக்கிறேன். ஐந்தே முக்கால் அடி ஆள் 1/35-இல் ஐந்து சென்டிமீட்டர். இந்த வண்டியில் மூன்று பேர். மூவரும் டரட்டில் இல்லை. ஹல்லின், அதாவது அடியுடலின், முன்பகுதியில் தோளோடு தோளாகக் கவசப் பெட்டிக்குள் இருக்கிறார்கள். 2015-இல் மாஸ்கோ அணிவகுப்பில் வந்த ரஷ்ய டி-14 அர்மாட்டாவில் இந்த ஏற்பாடு உண்டு. மேலே ஆளில்லாத டரட், அதில் பீரங்கியும் குண்டுகளும் மட்டும். பொம்மைகளை உட்கார வைத்துப் பார்த்தால்தான் முழங்கால் எங்கே இடிக்கிறது, தலை எங்கே முட்டுகிறது என்று தெரியும். ஹாட்ச் மூடியை முதலில் வரைந்தபோது 13 மில்லிமீட்டர் வந்தது, நிஜத்தில் 45 சென்டிமீட்டர். குளிர்காலச் சட்டை போட்டவன் எரியும் வண்டியிலிருந்து இதில் வெளியேறுவானா? 17 ஆக்கினேன், கிட்டத்தட்ட 60 சென்டிமீட்டர். அதற்காகப் பெரிஸ்கோப்புகள் நகர்ந்தன. அவை நகர்ந்ததால் முன் கவசத்தின் சரிவு மாறியது. அதனால் டரட்டே பின்னால் போயிற்று. ஒரு மனிதனின் தோள் அகலத்துக்காக வண்டி முழுவதும் திருத்தி எழுதப்பட்டது.

நிஜத்தில் இப்படி யோசிக்காமல் விட்டதற்கு உதாரணம் தேட வேண்டியதில்லை. அமெரிக்காவும் மேற்கு ஜெர்மனியும் 1963-இல் சேர்ந்து தொடங்கிய எம்பிடி-70 திட்டத்தில் டிரைவரையும் டரட்டுக்குள் வைத்தார்கள். டரட் சுழன்றாலும் அவன் முகம் முன்னோக்கியே இருக்கும்படி அவன் இருக்கைப் பெட்டி எதிர்த்திசையில் சுழலும். ஓட்டியவர்களுக்குத் திசை குழம்பித் தலை சுற்றியது. செலவும் ஏறிப்போய் 70-களின் தொடக்கத்தில் திட்டம் கைவிடப்பட்டது. டி-72-இல் டரட்டின் தரைக்கு அடியிலேயே குண்டுகள் வட்டமாக அடுக்கப்பட்டிருக்கும். கவசம் துளைபட்டு அவை வெடித்தால் டரட் தனியே பறக்கும். 1991-இல் ஈராக்கிலும் 2022-க்குப் பின் உக்ரைனிலும் அந்தப் படங்களை உலகமே பார்த்தது. அந்த அமைப்பை வரைபடமாகப் பார்க்கும்போது எவ்வளவு கச்சிதமாக இருக்கும் தெரியுமா! இருபத்திரண்டு குண்டு, எவ்வளவு குறைந்த உயரம்! வரைபவனின் கண்ணுக்கு அழகாகத் தெரிவதும் உள்ளே இருப்பவனுக்கு எமனாவதும் ஒரே கோடாக இருக்க முடியும்.

இதோடு நிறுத்தினால் நான் தப்பித்துக்கொள்கிறேன் என்று அர்த்தம். இஸ்ரேலின் மெர்காவா, உள்ளிருப்பவர் உயிருக்கே முதலிடம் என்ற கொள்கையில் பிறந்தது. எஞ்சினையே முன்னால் வைத்து அதையும் ஒரு கவசமாக்கினார்கள். தப்பிக்கப் பின்னால் கதவு வைத்தார்கள். அதே வண்டி லெபனானிலும் காசாவிலும் மக்கள் குடியிருக்கும் தெருக்களில் சுட்டிருக்கிறது. உள்ளே இருப்பவன் மேல் மட்டும் அன்பு வைப்பது அகிம்சையில் பாதிகூட ஆகாது. குழாயின் இந்த முனையில் மூன்று பொம்மைகளை உட்கார வைத்துவிட்டேன். அந்த முனையில் யார்?

வாட்-இஃப் பழக்கத்தில் எனக்கு உறுத்துவது இந்த இடம்தான். வண்டியைச் செய்தவர்கள் அதற்கு ஒரு பின்கதையும் எழுதுவார்கள். இன்ன ஆண்டில் இன்ன நாட்டுக்கும் இன்ன நாட்டுக்கும் போர் மூண்டது, இந்த டாங்கி இத்தனை எதிரி டாங்கிகளை அழித்து இந்த நகரத்தைப் பிடித்தது என்று. குழாயில் வளையம் வளையமாக வெற்றிக் கோடுகள் போடுவார்கள். பெரும்பாலும் பெயர் சொல்லியே எழுதுவார்கள், உயிரோடு இருக்கிற நாட்டின் பெயரை. பிளாஸ்டிக்கை வெட்டியது தீமை என்று நான் நினைக்கவில்லை. பீரங்கிக் குழாயைத் தேய்த்துப் பளபளப்பாக்கியதும் தீமையில்லை. அந்தப் பின்கதைதான் மாக்கோழியின் மேல் விழுந்த வாள். நடக்காத போரில், இல்லாத டாங்கியால், இருக்கிற மனிதர்களைக் கருத்தில் கொன்று முடித்துவிடுகிறார்கள். நம் பெரியவர்கள் தீய நினைவு என்று பெயர் வைத்து விலக்கச் சொன்னதற்கு இதைவிடத் துல்லியமான உதாரணம் எனக்குத் தெரியாது.

கதையே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கதை இல்லாவிட்டால் கற்பனை வண்டிக்கு எலும்பே இருக்காது. நானும் எழுதுகிறேன். என் கதைகளில் வருவது எடை, பாலம், பணம், சோதனை ஓட்டம், கோப்பு. பீரங்கி பத்துப் பாகை கீழே இறங்க வேண்டுமென்றால் அதன் பின்பகுதி மேலே எழ இடம் வேண்டும், அதற்காக டரட்டின் கூரை எப்படி உயர்ந்தது என்பது வருகிறது. இப்படிப்பட்ட கதைகள் நிஜத்திலேயே நடந்திருக்கின்றன. ஆவடியின் போர் வாகன ஆராய்ச்சி நிறுவனம் 2000-களின் தொடக்கத்தில் டி-72-இன் அடியுடலில் அர்ஜுன் டாங்கியின் டரட்டைப் பொருத்தி ஒரு வண்டி செய்தது. டேங்க் இஎக்ஸ் என்பார்கள். கர்ணன் என்றும் பெயர் வைத்திருந்தார்கள். 47 டன். மாடல் செய்பவர்கள் இரண்டு பெட்டிகளைப் பிரித்து ஒன்றாக ஒட்டும் அதே வேலையை இரும்பில் செய்தார்கள். ராணுவம் வேண்டாம் என்றது. முன்மாதிரிகளோடு கதை முடிந்தது. யாரையும் கொல்லாமல் முடிந்த ஒரு டாங்கியின் கதை அது; சுவாரசியத்துக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

சுவீடனின் எஸ் டாங்கியை இன்னும் அதிகமாக நேசிக்கிறேன். டரட்டே இல்லாத வண்டி. பீரங்கி ஹல்லோடு அசையாமல் பொருந்தியிருக்கும், குறிபார்க்க வண்டி முழுவதும் திரும்பும், குனியும், நிமிரும். மூன்று பேர், அதில் ஒருவர் பின்னோக்கி உட்கார்ந்து வண்டியைப் பின்பக்கமாக ஓட்டுவார். 1967-இலிருந்து 1997 வரை படையில் இருந்தது. ஒரு போருக்கும் போகவில்லை. அது கற்பனை வண்டியல்ல, நிஜ வண்டி. முப்பது வருடம் காவல் நின்று, யாரையும் சுடாமல், அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. என் கற்பனை டாங்கிகள் அத்தனைக்கும் இந்த வாழ்க்கையைத்தான் எழுதி வைக்கிறேன்.

இப்படிச் செய்தால் அனர்த்த தண்டம் எனக்கு ஒட்டவே ஒட்டாதா? ஒட்டும். பீரங்கியைத் தூக்கிப் பார்க்கும்போது ஒரு துள்ளல் வருகிறது, அதை நான் மறைக்க விரும்பவில்லை. மாக்கோழி செய்தவனைவிட நான் கத்திக்குப் பக்கத்தில் இருக்கிறேன். முனிவர் ஆகிறவனுக்கு இந்த மேசை ஆகாது. இல்லறத்தில் இருப்பவனுக்குச் சொல்லப்பட்டது குறைத்துக்கொள் என்பது. எதைக் குறைப்பது என்று எனக்குத் தெளிவாகத் தெரிகிறது: எதிரியைக் குறைக்கிறேன். என் டாங்கிகளுக்கு எதிரி நாடு கிடையாது, வெற்றிக் கோடு கிடையாது, எரிந்த வீடு பின்னணியில் கிடையாது.

இந்தக் கலையில் இறங்கும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். கண்காட்சியில் உங்கள் வண்டிக்குப் பக்கத்தில் ஒரு விவர அட்டை வைப்பீர்கள். அதில் உள்ளே எத்தனை பேர், எங்கே உட்காருகிறார்கள், தீப்பிடித்தால் எந்த வழியாக வெளியே வருவார்கள், வண்டி எந்த ஆண்டில் ஓய்வு பெற்றது என்று எழுதுங்கள். எந்த நாட்டை அழித்தது என்பதைத் தவிர எழுத வேறொன்றும் உங்களுக்குத் தோன்றவில்லை என்றால், அந்த வண்டியைச் செய்யாதீர்கள்.